237 பேர் பார்த்த மேட்ச்

கேள்வி: உலகத்தில் எந்த நாட்டுக் கால்பந்து லீக்குக்குக் கூட்டம் அதிகம்? இங்கிலாந்துதானே?
(கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: டி.வி.யில் என்றால் இங்கிலாந்து. நேரில் என்றால், இந்த நூற்றாண்டின் பெரும்பாலான சீசன்களில் ஜெர்மனியின் புண்டெஸ்லீகாதான். மேட்சுக்குச் சராசரி 40,000 பேர் என்பது அங்கே சாதாரணம். ஆனால் இந்தச் சராசரி இருக்கிறதே, பொல்லாதது. ஷால்கே, ஹாம்பர்க் மாதிரி பெரிய கிளப்கள் தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கும்போது கூட்டத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். மேலே ஏறி வருவது ஹைடன்ஹைம் மாதிரி சின்ன ஊர். மக்கள்தொகையே சுமார் 50,000. மைதானம் 15,000 பேருக்கானது. ஊரில் மூன்றில் ஒரு பங்கு மைதானத்தில் உட்கார்ந்திருக்கும். பேப்பரில் மட்டும் ‘லீக்குக்குக் கூட்டம் குறைந்தது’ என்று செய்தி வரும்.

கேள்வி: ஜெர்மன்காரர்களுக்கு வேறு வேலையே இல்லையா?
(ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர், விருதுநகர்)

பதில்: வேலை இருக்கிறது. டிக்கெட்டும் கட்டுப்படியாகிறது. டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்குக் கேலரியில் ஏறக்குறைய 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். ‘மஞ்சள் சுவர்’ என்று பெயர். உங்கள் பஸ்ஸில் சீட் கிடைக்காதவர் நின்றார்; இங்கே நிற்பதற்கென்றே டிக்கெட் வாங்குகிறார்கள். 20 யூரோவுக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று, 50+1 விதி. கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில்தான் இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி எந்தக் கோடீஸ்வரரும் பெட்டியோடு வந்து கிளப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் கேலரிக்காரர் தன்னை வாடிக்கையாளராக நினைப்பதில்லை, பங்காளியாக நினைக்கிறார். பங்காளி என்றால் சண்டையும் வருமே! ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குக் கொடுக்க லீக் நிர்வாகம் முடிவெடுத்தபோது, 2024 தொடக்கத்தில் கேலரிகளிலிருந்து டென்னிஸ் பந்து, காசு வடிவச் சாக்லெட் எல்லாம் களத்துக்குள் வந்து விழுந்தன. ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார் புகை கக்கிக்கொண்டே புல்தரையில் சுற்றியது. வீரர்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். பிப்ரவரி 21-ஆம் தேதி நிர்வாகம் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

கேள்வி: ரசிகன் ரத்தத்தையும் கொடுப்பான் என்பதெல்லாம் சும்மா பேச்சுதானே?
(இல்லத்தரசி, தேனி)

பதில்: பெர்லினில் நிஜம். யூனியன் பெர்லின் கிளப் 2004-இல் பணமுடையில் தத்தளித்தபோது ரசிகர்கள் ரத்த தானம் செய்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். பிறகு மைதானம் இடிந்து விழும் நிலைக்கு வந்ததும், 2008-09இல் 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் தாங்களே சிமென்ட் கலந்து கேலரி கட்டினார்கள். மொத்தம் சுமார் 1,40,000 மணி நேர உழைப்பு, கூலி கிடையாது. தான் பூசிய படிக்கட்டில் நிற்கிறவனிடம் ‘ஏன் வாராவாரம் வருகிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் அந்தக் காலத்துக் கூட்டம் இப்போது உண்டா?
(தமிழாசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: 1948-49 சீசனில் இங்கிலாந்து ஃபுட்பால் லீக் மேட்சுகளுக்கு மொத்தம் 4 கோடியே 12 லட்சம் பேர் வந்தார்கள். போர் முடிந்திருந்தது, வீட்டில் டி.வி. இல்லை, சனிக்கிழமை மதியம் ஆலை விட்டால் நேரே மைதானம். 1985-86இல் அது ஒரு கோடியே 65 லட்சமாகச் சுருங்கியது. அந்த வீழ்ச்சிக்கு டி.வி. மட்டும் காரணமில்லை, மைதானத்துக்குப் போகவே ஜனங்கள் பயந்தார்கள். ஒருபக்கம் கேலரி ரவுடித்தனம். இன்னொரு பக்கம் ஓட்டை உடைசல் கட்டடங்கள். 1985 மே மாதம் பிராட்ஃபோர்டில் பழைய மரக் கேலரி, அடியில் வருஷக்கணக்கில் சேர்ந்து கிடந்த குப்பையில் தீப்பிடித்து எரிந்தது. 56 பேர் செத்தார்கள். அதே மாதம் பிரஸ்ஸல்ஸின் ஹேசல் மைதானத்தில் இங்கிலாந்து ரசிகர்களின் ரவுடித்தனத்தில் 39 பேர். 1989-இல் ஹில்ஸ்பரோ நெரிசலில் 97 பேர்.

அதன் பிறகு வந்த டெய்லர் அறிக்கைதான் எல்லாருக்கும் நாற்காலி போடச் சொன்னது. 1992-இல் பிரீமியர் லீக் பிறந்தது. முதல் சீசனில் சராசரி 21,000. இன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூட்டம் திரும்பி வந்தது உண்மை. ஆனால் ஆலையிலிருந்து நேரே வந்தவருடைய பேரனால் இன்றைய விலையில் டிக்கெட் வாங்க முடிகிறதா என்பது என் சந்தேகம்.

கேள்வி: விலை ஏறினால் ரசிகன் என்ன செய்ய முடியும், முணுமுணுப்பதைத் தவிர?
(மளிகைக் கடைக்காரர், ஓசூர்)

பதில்: எழுந்து போகலாம். 2016 பிப்ரவரி 6. லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். அடுத்த சீசனில் மிக விலையுயர்ந்த டிக்கெட் 59 பவுண்டிலிருந்து 77 பவுண்டாகும் என்று கிளப் சொல்லியிருந்தது. சண்டர்லாண்டுக்கு எதிராக லிவர்பூல் 2-0 என்று ஜாலியாக முன்னிலையில் இருக்க, கடிகாரம் 77-ஆவது நிமிடத்தைத் தொட்டதும் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அடுத்த பன்னிரண்டே நிமிடத்துக்குள் சண்டர்லாண்ட் இரண்டு கோல் அடித்து மேட்சைச் சமன் செய்துவிட்டது! நாலே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தை வாபஸ் வாங்கினார்கள். கடையில் பேரம் பேசும்போது வாடிக்கையாளர் படி இறங்கினால் நீங்கள் கூப்பிடுவீர்களே, அதேதான்.

கேள்வி: நன்றாக ஆடினால் கூட்டம் தானாக வரும் இல்லையா?
(பி.இ.டி. மாஸ்டர், நாகர்கோவில்)

பதில்: இத்தாலியின் யுவென்டஸைக் கேளுங்கள். 2001-02இல் லீக் சாம்பியனே அவர்கள்தான். பஃபான், நெட்வெட், டெல் பியரோ எல்லாரும் அணியில். அதே சீசனில் சொந்த ஊரில் சாம்ப்டோரியாவோடு ஒரு கோப்பை மேட்ச். வந்தவர்கள் 237 பேர். மைதானத்தில் இருந்த இடமோ கிட்டத்தட்ட 69,000. ஒவ்வொருவருக்கும் சுமார் 290 நாற்காலி. காலை நீட்டிப் படுத்தே பார்த்திருக்கலாம்.

குற்றம் கட்டடத்தின் மேல். 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டிய டெல்லே ஆல்பி ஸ்டேடியத்தில் களத்தைச் சுற்றி ஓடுதளம் போட்டிருந்தார்கள். கேலரியிலிருந்து பந்து கடுகாகத்தான் தெரியும். அதை இடித்துவிட்டு 2011-இல் அதே இடத்தில் 41,000 பேருக்கு மட்டும் இடம் வைத்து, முதல் வரிசைக்கும் களத்துக்கும் எட்டு மீட்டர்கூட இல்லாதபடி சொந்த மைதானம் கட்டினார்கள். டிக்கெட் தட்டுப்பாடு வந்துவிட்டது. சென்னை நேரு ஸ்டேடியத்திலும் அந்த ஓடுதளம் இருக்கிறது என்பதை மாஸ்டருக்கு நினைவூட்டுகிறேன்.

கேள்வி: மெஸ்ஸி வந்தால் கூட்டம் வருகிறதே?
(ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

பதில்: வருகிறது. மெஸ்ஸி வராவிட்டாலும் வருகிறது, டிக்கெட்டை முன்பே விற்றுவிட்டால்! 2024 மே மாதம் கனடாவின் வான்கூவரில் மெஸ்ஸியின் கிளப்பான இன்டர் மியாமிக்கு மேட்ச். மெஸ்ஸி, சுவாரஸ், புஸ்கெட்ஸ் மூவரும் வரவில்லை. 51,000 பேர் வந்திருந்தார்கள். உள்ளூர் கிளப் சாப்பாட்டைப் பாதி விலைக்குக் கொடுத்து சமாதானம் செய்தது. மாப்பிள்ளை வராத கல்யாணம், பந்தி மட்டும் ஜோர்.

நட்சத்திரத்தை மட்டும் நம்பிய கதையும் அமெரிக்காவில் உண்டு. பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் 1977-இல் ஒரே மேட்சுக்கு 77,691 பேரைக் கூட்டியது. 1984 சீசனோடு காஸ்மாஸ் ஆடிய லீக்கே இழுத்து மூடப்பட்டது. 1996-இல் தொடங்கிய எம்.எல்.எஸ். முதல் வருஷம் 17,000, 2000-இல் 14,000-க்கும் கீழே என்று அதே பாதையில்தான் சறுக்கியது. அப்புறம் அமெரிக்கன் ஃபுட்பாலின் பிரம்மாண்ட ஸ்டேடியங்களில் தொலைந்து போகாமல், 20,000 பேர் கொள்ளும் தனி மைதானங்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். 2023-இல் சராசரி 22,000-ஐத் தாண்டியது. மெஸ்ஸி கால் வைத்தது அந்த ஜூலையில்தான். படியைக் கட்டியவர் வேறு.

கேள்வி: சவூதி?
(வளைகுடாவிலிருந்து திரும்பியவர், கீழக்கரை)

பதில்: 2023 அக்டோபரில், கோடிகளைக் கொட்டிக் கூட்டி வந்த இங்கிலாந்து வீரர் ஹெண்டர்சன் ஆடிய அல் எத்திஃபாக் மேட்சுக்கு வந்தவர்கள் 696 பேர். கோடிகளை எண்ணவே ஆள் அதிகம் இருந்திருப்பார்கள்.

கேள்வி: கூட்டம் இல்லாவிட்டால் ஆட்டம் மாறுமா என்ன? பந்து அதே பந்துதானே!
(வங்கி ஊழியர், கரூர்)

பதில்: கொரோனா காலம் அதையும் சோதித்துக் காட்டிவிட்டது. பெரும்பாலும் காலி கேலரிகளுக்கு முன் நடந்த 2020-21 பிரீமியர் லீக்கில் சொந்த ஊர் அணி ஜெயித்தது 144 மேட்ச், வெளியூர் அணி ஜெயித்தது 153. இங்கிலாந்தின் முதல் பிரிவு வரலாற்றில் இப்படி நடந்தது அதுவே முதல்முறை. காதுக்குள் 40,000 பேர் கத்தாதபோது நடுவரின் விசிலும் சற்று நிதானமாகிறது போலும். ஜெர்மனியில் ஒரு கிளப், 19 யூரோ கொடுத்த ரசிகரின் அட்டைப் படத்தை நாற்காலியில் நிற்க வைத்தது. தென்கொரியாவில் எஃப்.சி. சியோல் துணிக்கடை பொம்மை என்று நினைத்து உட்கார வைத்த பொம்மைகள், வேறு வகைக் கடைச் சரக்கு என்று பிறகு தெரியவந்தது; கிளப் 10 கோடி வோன் அபராதம் கட்டியது.

கேள்வி: நம் நாட்டில் கூட்டமே இல்லையே, ஏன்?
(ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி)

பதில்: கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடிக்காரர் கேட்கும்போது எனக்கே வலிக்கிறது. 1997 ஜூலை 13, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான். வந்தவர்கள் 1,31,781 பேர். பைசுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்த புதிதிலும் கூட்டம் திமிறியது. இத்தாலியின் மாட்டராஸியும் பிரேசிலின் எலானோவும் சென்னையில் ஆடினார்கள், அடுத்த வருஷம் கொச்சியில் சராசரியே 50,000-ஐத் தாண்டியது. இரண்டரை மாதத் திருவிழாவை ஆறேழு மாதத்துக்கு இழுத்ததும் புதுமை வடிந்தது. 2025 ஜூலையில் ஒப்பந்தப் பிரச்சினையில் லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். நடக்குமா நடக்காதா என்றே தெரியாத மேட்சுக்கு யார் ஐயா சீசன் டிக்கெட் எடுப்பது?

கேள்வி: பெண்கள் கால்பந்துக்கு இப்போதுதானே கூட்டம் வருகிறது?
(பத்தாம் வகுப்பு மாணவி, மணப்பாறை)

பதில்: இல்லையம்மா, நூறு வருஷத்துக்கு முன்பே வந்தது. 1920 டிசம்பர் 26, லிவர்பூலின் கூடிசன் பார்க். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களின் அணியான டிக் கெர் லேடீஸின் ஆட்டத்துக்கு 53,000 பேர் உள்ளே. இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே. மறுவருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், இது பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் அல்ல என்று சொல்லித் தன் கிளப் மைதானங்களில் அவர்களுக்குத் தடை போட்டது. தடை விலக 50 வருஷம் ஆனது. 2022 மார்ச் 30 அன்று பார்சிலோனாவில், பெண்கள் மேட்சுக்கு வந்தவர்கள் 91,553 பேர்.