கூடத்துச் சுவரில் வானம்: 36க்கு 24 சட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கூடத்துச் சுவருக்குப் படம் வாங்குவது பற்றித் தமிழில் முறையான ஆய்வு இல்லை என்ற துணிவில் இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆய்வுக் களம், என் வீட்டு சோபாவுக்கு மேலுள்ள சுவர். தரவு, ஒரே ஒரு படம்.

படம், ஜான் கான்ஸ்டபிளின் ‘வைக்கோல் வண்டி’. 1821இல் லண்டன் ராயல் அகாடமியில் வைத்தபோது வாங்க ஆளில்லை. 1824இல் பாரிஸில் தங்கப் பதக்கம் கிடைத்தது. இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. மூலத்தின் அகலம் ஆறடிக்குச் சற்று மேல். என் சுவரோ சுவிட்ச் போர்டு போக மூன்றடிதான் தந்தது.

பிரதியின் மேல் ‘மியூசியம் தரம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. பொருள் கேட்டேன். “மங்காது சார்” என்றார் கடைக்காரர். உரையாசிரியர்கள்கூட இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை. அமிலமில்லாத பருத்தித் தாள், நிறமி மை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஆகிய மூன்றும் இருந்தால் நிறம் நெடுநாள் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் சீட்டு சரிதானா என்று எந்த மியூசியத்திலிருந்தும் ஆள் வந்து பார்ப்பதில்லை.

சிக்கல் சட்டத்தில் வந்தது. மூலம் 185.4க்கு 130.2 செ.மீ. அந்தக் கணக்கில் 36 அங்குல அகலத்துக்கு உயரம் 25¼ வர வேண்டும். தயாராக இருந்த சட்டமோ 36க்கு 24. கடைக்காரர் ஸ்கேலை வைத்தார், பிளேடை எடுத்தார்.

“கீழ வெட்டினா நாய்கிட்ட வந்துடும். மேல சும்மா வானம்தான சார்.”

ஒன்றேகால் அங்குல வானம் சுருண்டு மேசையில் விழுந்தது. அந்த 1821இலும் மறு ஆண்டிலும் ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று, மணியையும் காற்று வீசிய திசையையும் குறித்துக்கொண்டு, மேகத்தை மட்டுமே படம் படமாக எழுதித் தள்ளியவர் கான்ஸ்டபிள். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். “அப்போ டபுள் மவுண்ட் போட்டுரலாமா?” என்றார்.

படத்தை மாட்டியதும் ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “வைக்கோல் வண்டிங்கிற, வைக்கோலைக் காணோமே?” உண்மை, வண்டி காலி. வயலுக்கு இனிமேல்தான் போகிறது. அது ஏன் ஆற்றுக்குள் நிற்கிறது என்பதற்குக் கலை வரலாற்றாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். பெரியப்பாவுக்கு ஒன்றே போதுமாயிருந்தது. “கோடையில மரம் காஞ்சு பட்டா கழண்டுடும்டா. தண்ணியில நிறுத்தினா சக்கரம் ஊறி இறுகும்.” வண்டி ஓட்டியவர் சொல்வதால் இவ்வாய்வு அதையே ஏற்கிறது.

இதே படத்தை வாங்கப் போகிறவர்கள் சட்டத்தை 36க்கு 25¼ என்று அளவு சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடத்தான் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.