கிகாலியில் கையெழுத்து, புளியங்கூடலில் காஸ்

உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஒருவழியாக யாழ்ப்பாணத் தீவகத்துப் புளியங்கூடலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சுவரில் வெள்ளைப் பெட்டியாகத் தொங்குகிறது. பெட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் ஒரு முக்கோணம். முக்கோணத்துக்குள் ஒரு சுவாலை. கீழே ஆங்கிலம். அதற்கும் கீழே சீனம். தமிழைத் தேடாதீர்கள். தமிழ் வீட்டுக்காரர் பேசுகிற மொழி. பெட்டிக்கு அது எதற்கு?

ஏசிப் பெட்டிக்குள் சுற்றுவது ஆர்-32 என்ற காஸ். வளிமண்டலத்துக்குக் குறைந்த தீங்கு. கொஞ்சம் எரியும். இந்தக் “கொஞ்சம்” எவ்வளவு என்பதை ஊரில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. கேட்கவும் ஆளில்லை. ஏனென்றால் வீடு பூட்டிக் கிடக்கிறது.

புளியங்கூடலில் மட்டுமா? நாரந்தனை, கரம்பொன், சரவணை, புங்குடுதீவு எங்கும் இதே கதைதான். ரொறன்ரோவில் இரண்டு வேலை செய்து, பாரிசில் பாத்திரம் கழுவி, அந்தக் காசில் எழுப்பிய மாடி வீடுகள். அறைக்கு ஒரு ஏசி. திருவிழாவுக்கு இரண்டு கிழமை திறப்பார்கள். மீதிப் பதினொன்றரை மாதம் ஏசிக்கு வீடு இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை. காவலுக்கு இருக்கும் பெரியவருக்கு அறைச் சாவி கொடுக்கப்படவில்லை. அவர் வெளியே வேம்பின் கீழ் சாய்ந்திருக்கிறார். ஊரிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்பது வேறு விஷயம்.

சோளகக் காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்து யன்னல் வைத்தது பழைய தலைமுறை. அந்த யன்னலைக் கண்ணாடியால் அடைத்துவிட்டு, காற்றை வயரில் கொண்டுவந்தோம். சோளகம் கோபித்துக்கொண்டு போகவில்லை. வெளியே நிற்கும் யூனிற்றைப் பிடித்துக்கொண்டது. உப்புக் காற்று அலுமினியத் தகட்டைத் தின்கிறது. செப்புக் குழாயின் மூட்டைத் தின்கிறது. காஸ் சத்தமில்லாமல் போகிறது. ஓகஸ்ட்டில் குடும்பம் வந்து இறங்கி ரிமோட்டை அமுக்கினால் வெறும் காற்று.

அப்போதுதான் ஏசித் தம்பி வருகிறான்.

“அண்ணை, காஸ் இறங்கிட்டுது. அடிச்சுவிட்டால் சரி.”

“தம்பி, இது பத்துற காஸ் எண்டு சொல்லுறாங்களே?”

“அது சும்மா அண்ணை. நான் வாயில சிகரெட்டோட அடிச்சிருக்கிறன்.”

இலங்கைத் திருநாட்டின் குளிரூட்டிப் பாதுகாப்புக் கொள்கை முழுவதும் இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிட்டது. தம்பியில் பிழை பிடிக்காதீர்கள். அவனுக்குத் தெரிந்ததை அவன் செய்கிறான். தெரியவைக்க வேண்டியவர்கள் கொழும்பில் பவர்பொயின்ற் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருஷமும் காஸ் அடித்தது. அதற்கு முதல் வருஷமும். காஸ் என்ன பெற்றோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஒழுக்கு. ஒழுக்கைத் தேடிப் பிடிக்க நேரம் வேண்டும், கருவி வேண்டும். காஸ் அடிக்க ஒரு சிலிண்டரும் ஒரு குழாயும் போதும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். பழைய ஆர்-22 ஒரு கிலோ காற்றில் கலந்தால் 1,810 கிலோ காபனீரொட்சைட்டு கலந்ததற்குச் சமம். அடுத்து வந்த ஆர்-410ஏ இன்னும் மோசம்: 2,088. ஆர்-32 வெறும் 675. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஒரு பெட்டியில் 700 கிராம் ஆர்-32 என்று வையுங்கள். அதை மூன்று வருஷம் மூன்று தடவை ஒழுகவிட்டு மூன்று தடவை அடித்தால், அதே அளவு ஆர்-22 ஒரு தடவை ஒழுகிய கேட்டைத் தாண்டிவிடும். விஞ்ஞானிகள் பல ஆண்டு பாடுபட்டுக் கண்டுபிடித்த நன்மையை நாங்கள் மூன்று திருவிழாவில் ஊதிவிடுகிறோம்.

கையெழுத்துப் போடுவதில் எங்கள் அரசை யாரும் குறை சொல்ல முடியாது. மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989-இல் சேர்ந்தது. அடுத்த வருஷம் தீவகத்தில் இராணுவம் இறங்கியது. சனம் கட்டிய துணியோடு ஓடியது. வானத்து ஓசோனில் ஓட்டை விழக்கூடாது என்று ஒப்பமிட்ட அரசு, எங்கள் கூரைகளில் விழுந்த ஓட்டைகளை இன்றுவரை எண்ணி முடிக்கவில்லை. பிறகு அதே உடன்படிக்கையைத் திருத்த 2016 ஒக்ரோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலகம் கூடியது. ஏசி காஸ்களையும் படிப்படியாகக் குறைப்போம் என்றது. 2018-இல் இலங்கை அதையும் ஏற்றது. அதன்படி 2024-இல் பாவனை உறைய வேண்டும். 2029-இல் 10 வீதம் குறைய வேண்டும். 2045-இல் 80 வீதம். அட்டவணை அழகாக இருக்கிறது. அந்த அட்டவணையைக் குழாய், ஸ்பானர், சிலிண்டர் என்று கையில் எடுத்துச் செய்ய வேண்டியவன் யார்? சிகரெட்டோடு நிற்கிறானே, அவன்தான்.

இப்போது பயத்துக்கு வருவோம். ஊரில் பயம் இரண்டு வகை. ஒன்று தம்பியின் பயமின்மை. மற்றது வாட்ஸ்அப் பயம்: “ஏசிக்குள்ள குண்டு இருக்காம்!” இரண்டும் ஒரே அறியாமையின் பிள்ளைகள்.

ஆர்-32 எளிதில் பற்றாது. அறைக் காற்றில் அது 14 வீதத்துக்கு மேல் கலக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டும். பெட்டியில் இருப்பது முக்கால் கிலோவுக்கும் குறைவு. பற்றினாலும் சுவாலை செக்கனுக்கு 6.7 சென்ரிமீற்றர்தான் நகரும். அதனால்தான் சர்வதேசத் தரத்தில் இதை ஏ2எல் என்று தனி வகுப்பில் வைத்திருக்கிறார்கள். யப்பானில் 2012-இல் வீட்டுக்கு வந்தது. அங்கே வீடுகள் வெடித்துச் சிதறவில்லை.

ஆனால் அதே வீட்டுக் குசினியில் 12.5 கிலோ புரொப்பேனும் பியூட்டேனும் அடைத்த சிலிண்டர் நிற்கிறது. அது உண்மையிலேயே பற்றும் சாமான். அதற்கு யார் பயந்தார்கள்? 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பும் சிலிண்டரும் வெடித்தன. அப்போது என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கும். கலவை விகிதம் மாறியதா என்று கேட்டோம். இல்லை, உங்கள் ரெகுலேற்றர் பிழை என்றார்கள். குழாய் பழசு என்றார்கள். சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள் என்றார்கள். பிறகு ஜனாதிபதி ஒரு குழு போட்டார். இந்த நாட்டில் எது வெடித்தாலும் அதிலிருந்து தப்பாமல் வெளியே வருவது ஒரு குழு. அடுத்த வருஷம் சிலிண்டரே இல்லை. வெடிக்கும் பிரச்சினை தானாகத் தீர்ந்தது.

சமையல் காஸுக்காவது வாசம் சேர்ப்பார்கள், ஒழுகினால் மூக்குப் பிடிக்கட்டும் என்று. ஆர்-32-க்கு வாசமே இல்லை. காற்றை விடப் பாரம் கூட, கீழே படுக்கும். அடைத்த அறையின் தரையில், மூலையில், ஒரு வேளை செறிவாக நிற்கலாம். அந்த வேளையில் அங்கே ஒரு வெல்டிங் டோர்ச் பிடித்தால்தான் வில்லங்கம். பற்றினால் வரும் புகையில் ஐதரசன் புளோரைட்டு இருக்கும். அதை ஒருமுறை சுவாசித்தவன் சுவாசப்பை பற்றி நிறையப் பேசமாட்டான்.

ஆக, ஆபத்து பெட்டி சுவரில் தூங்கும்போது இல்லை. தம்பி அதைத் திறக்கும்போது இருக்கிறது. குழாய்க்குள் காஸ் நிற்க, வெளியே வெல்டிங் பிடிக்கும்போது இருக்கிறது. வெக்கூம் பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சாமல், “கொஞ்சம் காஸ் விட்டால் காத்து போயிடும்” என்று வால்வைத் திறக்கும்போது இருக்கிறது. பழைய ஆர்-22 பெட்டிக்குள், மலிவாகக் கிடைத்தது என்று வேறு எரிகிற காஸை ஏற்றும்போது முழுதாக இருக்கிறது. புரொப்பேனில் ஓடும் ஏசியை இந்தியாவில் 2012-இலேயே விற்றார்கள். நல்ல பெட்டிதான். ஆனால் அதற்கென்றே செய்தது: காஸின் அளவு குறைவு, பொறி பறக்காத பாகங்கள். எங்கள் ஆட்கள் பெட்டியை மாற்றாமல் காஸை மட்டும் மாற்றினால், அது சூழல் சேவை அல்ல, விதியோடு பந்தயம்.

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்பதையும் ஸ்டிக்கரை நம்பித்தான் அறிகிறோம். 2011-இல் குளிர்க் கொள்கலன்களுக்குப் போலிக் காஸ் அடித்தார்கள். உள்ளே மீதைல் குளோரைட்டு. அது அலுமினியத்தோடு சேர்ந்து வேலை காட்டியது. கொள்கலன்கள் வெடித்தன, வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர் செத்தார்கள். கப்பல் கம்பனிகளையே ஏமாற்றிய சிலிண்டர், ஊர்காவற்றுறை வீதியால் சைக்கிள் கரியரில் வரும்போது நல்லபிள்ளையாகிவிடுமா?

சோதனை செய்ய எங்களிடம் ஆட்கள் இல்லாமல் இல்லை. 2024-இல் ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அதிகாரிகள் தராசோடு பேக்கரிக்குப் போனார்கள். நல்லது. பாண் இருபது கிராம் குறைந்தால் சட்டம் பாயும். வீட்டுக்குள் அடிக்கும் காஸ் 700 கிராமா, ஒன்றரைக் கிலோவா, அது காஸ்தானா என்று பார்க்க ஒரு தராசு வரவில்லை. ஓட்டோ ஓட்ட லைசென்ஸ் கேட்கிறார்கள். ஹெல்மெற் இல்லாவிட்டால் பண்ணைப் பாலத்தில் மறிக்கிறார்கள். பிள்ளை தூங்கும் அறைச் சுவரில் எரிகிற காஸை ஏற்றுபவனிடம், தம்பி நீ எங்கே படித்தாய் என்று இந்த வீதியில் யாரும் மறித்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

காசு இல்லை என்று சொல்லாதீர்கள். மொன்றியல் உடன்படிக்கையை நிறைவேற்ற ஏழை நாடுகளுக்கு உதவவென்றே 1991 முதல் ஒரு பல்தரப்பு நிதியம் இயங்குகிறது. அதில் பயிற்சிக்கும் பணம் உண்டு. பயிற்சிப் பட்டறைகளும் நடக்கின்றன. பதாகை கட்டுகிறார்கள், பை கொடுக்கிறார்கள், குழுப்படம் எடுக்கிறார்கள். செப்டெம்பர் 16 ஓசோன் தினம். சித்திரப் போட்டிப் பிள்ளைகள் பூமியைப் பச்சையாகத் தீட்டிப் பரிசு வாங்குகிறார்கள். கோட் போட்டவர்கள் கோட்டைக் கழற்ற மனமில்லாமல் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு புவி வெப்பம் பற்றி வருந்துகிறார்கள். புளியங்கூடல் தம்பிக்கு வேண்டியது பை அல்ல. ஒரு வெக்கூம் பம்ப். ஒழுக்குப் பார்க்க ஒரு நைதரசன் சிலிண்டர். நிறுக்க ஒரு தராசு. பழைய காஸை வானத்துக்கு விடாமல் பிடித்து வைக்க ஓர் இயந்திரம். அதோடு தமிழில் நாலு பக்கம். இது ஓர் அமைச்சரின் வாகனத் தொடரணிக்கு ஒரு நாள் ஊற்றும் பெற்றோலை விடக் கொஞ்சம் கூட வரலாம். சரி, இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் கதையையும் விடக்கூடாது. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டு. ஓகஸ்ட்டில் கட்டணம் 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி நாடே இருண்டது. காரணம் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏறிய ஒரு குரங்கு என்று அமைச்சரே சொன்னார். ஒரு குரங்கு நிறுத்தக்கூடிய நாட்டில் நாங்கள் மின்சிக்கன நட்சத்திரம் எண்ணி ஏசி வாங்குகிறோம். நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் நயினாதீவுக்கும் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. 2021 ஜனவரியில் சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். இந்தியா முகம் சுளித்தது. அந்த வருஷ முடிவில் சீனா பின்வாங்கியது. இந்தியா நன்கொடையாகத் தருகிறேன் என்றது. ஒப்பந்தம் இந்தியக் கம்பனியின் கைக்கு வர 2024 மார்ச் ஆனது. காற்றும் வெயிலும் அதுவரை சும்மா நிற்கவில்லை. தினமும் வந்து பார்த்துவிட்டுப் போயின. இரண்டு வல்லரசுகள் எங்கள் வெயிலுக்குச் சண்டை பிடித்தன. வெயில் மட்டும் எங்களுக்கு.

எங்களையும் விட்டுவைக்க முடியாது. ஓட்டை தேட ஒரு நாள் வேண்டும், பழைய குழாயை மாற்ற வேண்டும் என்று ஒழுங்கான மெக்கானிக் ஒருவன் சொன்னால் என்ன சொல்கிறோம்? “மற்றவன் அரை மணித்தியாலத்தில பாதிக் காசுக்குச் செய்யிறான்.” வாசல் கேற்றுக்குச் சிங்கத் தலை வார்க்க லட்சக்கணக்கில் கொடுத்த கை, நைதரசனுக்குக் கொடுக்க நடுங்குகிறது. கடைசியில் ஒழுங்கானவன் கட்டார் போகிறான். சிகரெட்காரன் ஊரில் நிற்கிறான். நாங்கள்தான் தேர்ந்தெடுத்தோம்.

இந்தத் தீவில் குடிக்கிற தண்ணீர் பவுசரில் வருகிறது. பல கிணறுகள் உவர். ஏசிக் குழாயால் சொட்டுவதுதான் அந்த வளவில் உப்பில்லாத தண்ணீர். காவல்காரப் பெரியவர் ஏசி ஓடும் அந்த இரண்டு கிழமையும் அதற்கு வாளி வைத்து வாழைக்கு ஊற்றுகிறார். பல நாடுகளின் ஒப்பமும் பல கோடி டொலரும் சேர்ந்து புளியங்கூடலுக்குக் கைமேல் தந்த பலன் அந்த அரை வாளி.

எனவே ஒரு சிறு கோரிக்கை. அடுத்த ஓசோன் தினத்தைக் கொழும்பில் வைக்க வேண்டாம். இங்கே வையுங்கள். மண்டபச் செலவு இல்லை. பூட்டிய வீடுகள் நிறைய உண்டு. ஒரு படுக்கை அறையில் அமைச்சர், செயலாளர், பணிப்பாளர், ஆலோசகர் எல்லாரும் கதவையும் யன்னலையும் சாத்திக்கொண்டு உட்காரட்டும். உரைகள் நடக்கட்டும். உரை நடக்கும்போதே, அவர்கள் தலைக்கு நேர் மேலே, ஸ்டூலில் ஏறி எங்கள் தம்பி டோர்ச்சைப் பற்றவைத்துக் குழாய் ஒட்டுவான். காஸ் இறக்கினாயா என்று அவனிடம் யாரும் கேட்கக்கூடாது. எங்கள் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு எல்லா உரையும் இரண்டு நிமிஷத்துக்குள் முடியும். பயிற்சி நிலையத்துக்கு அடிக்கல் நட மூன்றாவது நிமிஷம் வெளியே ஓடி வருவார்கள்.