தாழ்ப்பாளியல்: சில முடிந்த முடிபுகள்

தாழ்ப்பாள் திருடனை வெளியே நிறுத்துவதற்கு உரியது எனப் பாமரர் கருதுவர். அது பொருந்தாது. திருடன் ஓட்டைப் பிரித்தும் வருவான், சன்னல் கம்பியை வளைத்தும் வருவான். தாழ்ப்பாளுக்கு மதிப்புக் கொடுத்து வாசலில் நிற்பவர் வீட்டுக்காரர் ஒருவரே. எனவே, வீட்டுக்காரரை அவருடைய வீட்டிலிருந்து விலக்கிவைக்க அவர் செலவிலேயே பொருத்தப்படும் கருவி தாழ்ப்பாள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று திருக்குறள். 71, 1251 ஆகிய இரு குறள்களை நோக்குக. முன்னதில் தாழால் அன்பை அடைத்துவைக்க இயலவில்லை. பின்னதில் காமம் கோடரியாக வந்து தாழிட்ட கதவையே உடைக்கிறது. இரண்டிடத்தும் தாழ் தன் தொழிலைச் செய்யவில்லை. உரையாசிரியர்களோ அன்பையும் நாணத்தையும் விரித்துரைத்தார்களே தவிர, அது மேல்தாழா கீழ்த்தாழா, திருகாணி தளர்ந்திருந்ததா என்று விசாரித்தாரில்லை. பதின்மர் உரைகண்ட நூலுக்கு ஒரு தச்சரைக் கலந்துகொள்ளாமல் போனது தமிழாராய்ச்சியின் தீராக் குறை. அடுத்த சான்று திருமறைக்காடு. அடைபட்டுக் கிடந்த கோயிற் கதவைத் திறக்க அப்பர் பதிகம் பாட வேண்டியிருந்தது. மீண்டும் அடைக்கச் சம்பந்தரின் முதற்பாட்டே போதுமாயிற்று என்பது பெரியபுராணச் செய்தி. சாத்திக்கொள்வது கதவின் இயல்பு, திறப்பது அதற்கு வருத்தம் என்பது இதனால் பெறப்படும்.

தாழ்ப்பாள் கோளாறு நால்வகைப்படும்: துருவல், இறங்கல், வீங்கல், தானே விழல். துருவலாவது துருப்பிடித்தல், தேங்காய் எண்ணெய் இடுவோர் மறுபடியும் இடுவர். இறங்கலாவது கீலின் திருகாணி தளர்ந்து கதவு தொங்கிப்போக, தாழ் தன் துளைக்குக் கீழே முட்டுவது. வீங்கலோ விரித்துரைக்கத் தக்கது. மரம் ஈரம் குடித்தால் இழைக்குக் குறுக்கே பருக்கும். இழையோட்டத்தில் அவ்வளவாக நீளாது. ஆகவே ஐப்பசி மழையில் கதவு அகலத்தில் பெருத்து நிலையோடு இறுகும். நெடுநல்வாடையில் அரண்மனை வாயில்நிலைக்கு நெய் பூசியிருந்ததை நக்கீரர் குறிக்கிறார். அது தெய்வத்துக்கு இட்டது என்பர் உரைவழி நிற்போர். வாடைக்காலத்தைப் பாடும் நூலில், கதவு இறுகும் பருவத்தில், வாயிலருகே நெய் எதற்கு என்று அவர்கள் ஒருகணமும் எண்ணவில்லை. கீலுக்கு இட்டது வழிந்து நிலையிலும் பட்டது என்பதே எம் கருத்து. அது பசுநெய்யே என்பாரும், ஆட்டுநெய் என்பாரும், கீல் சத்தம் போட்டிருந்தால் நக்கீரர் குற்றம் கண்டிருப்பார் ஆதலின் நெய் அளவோடுதான் இருந்தது என்பாரும் இனி உளராவர். அவர்களுக்கு இரண்டு கருத்தரங்குகள் தாங்கும்.

தானே விழல் நைட் லேட்சுக்கு உரியது. அதன் நாக்கு ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் நேர்வெட்டு. சாத்தும்போது சரிவு வழுக்கி நாக்கு அமுங்கும். திறக்கப் பார்த்தால் நேர்வெட்டு தகட்டில் முட்டிக்கொள்ளும். இழுத்துச் சாத்த ஆள் வேண்டாம், காற்று போதும். குப்பைக் கூடையோடு வாசல் தாண்டியவர் அக்கணமே அகத்திணை நீங்கிப் புறத்திணை சேர்கிறார். சாவியை எடுத்துப் போகாதது மனிதரின் பிழைதானே, தாழ்ப்பாளை ஏன் பழிக்க வேண்டும் எனின், அற்றன்று. உள்பக்கத்தில் ஒரு சாவி செருகியபடி இருந்தால், பல பூட்டுகளில் வெளியிலிருந்து இன்னொரு சாவி நுழையாது. முன்யோசனை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே படியில் உட்கார நேர்வதால், பிழை மனிதரிடம் இல்லை என்பது தேறும். பிழை கொல்லைச் சன்னலைத் திறந்துவைத்தவருடையது என வீட்டுக்குள் வழங்கும் கொள்கை ஆளுக்கு ஆள் மாறுவதால் தள்ளப்பட்டது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்க, பூட்டைத் திறந்துகொடுப்பவருக்கு எக்குறியீடும் இல்லாமையும் ஈண்டு எண்ணத்தக்கது.

கீலுக்கு நீளமான திருகாணி போட்டு, தகட்டின் துளையைச் சற்றே அராவி, எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுத்துவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பர் தச்சர். அது தீர்வே அன்றி ஆய்வு அன்று. ஆதலின் இங்குக் கொள்ளப்படவில்லை.