மதிப்பூதியமே, நீ வாழ்க!

வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தித் தெருத்தெருவாக நடக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களான பி.எல்.ஓ.க்களுக்கு ஆண்டுக்கொரு முறை அருள்பாலிக்கும் மதிப்பூதியமே, உன்னை மனமாரப் புகழ வந்திருக்கிறேன். சொல்லப்போகும் ஒவ்வொரு புகழும் உண்மை. ஒன்றையும் மிகைப்படுத்தவில்லை.

முதலில் உன் பெயர். கூலி என்று வைத்திருந்தால் கணக்குக் கேட்பார்கள். கூலிக்கென்று 1948லேயே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்துவிட்டது. சம்பளம் என்று வைத்திருந்தால் ஊதியக் குழு வரும், ஆண்டுக்கு இரு முறை அகவிலைப்படி உயரும். நீயோ மதிப்பையும் ஊதியத்தையும் ஒரே சொல்லில் சேர்த்துக்கொண்டு, இந்தத் தொல்லைகள் எட்டாத உயரத்தில் அமர்ந்திருக்கிறாய். மதிப்பு முன்னால் நிற்பதால் ஊதியத்தைப் பற்றிக் கேட்பதே மரியாதைக் குறைவு போலத் தோன்றிவிடுகிறது.

அடுத்து உன் உறுதி. 2015இல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று நின்றாய். பெட்ரோல் விலை ஏறியது, பஸ் டிக்கெட் ஏறியது, செல்போன் ரீசார்ஜ் ஏறியது. நீ மட்டும் பத்து ஆண்டுகள் அசையவில்லை. 2025 ஆகஸ்டில்தான் மனமிரங்கி 12,000 ஆனாய். இரு மடங்கு! எந்தச் சம்பளம் ஒரே நாளில் இரு மடங்கு ஆகியிருக்கிறது? மாதத்துக்கு 1,000, நாளுக்கு ஏறக்குறைய 33 ரூபாய். காலையில் கிளம்பும் பி.எல்.ஓ. வழியில் இரண்டு டீ குடித்து ஒரு வடை சாப்பிடலாம். வண்டிக்குப் பெட்ரோல் மறுநாள் காசில் போட்டுக்கொள்ளலாம்.

உன் சிக்கனத்தைப் பார்த்துப் பொருளாதாரம் படித்தவர்களும் கற்றுக்கொள்ளலாம். ஒரு பூத்தில் 1,200 வாக்காளர்கள் என்றால் ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 10 ரூபாய். இறந்தவர் பெயர் நீக்கம், வீடு மாறியவரைத் தேடுவது, பதினெட்டு நிறைந்த பிள்ளைக்குப் படிவம் 6, முகவரித் திருத்தம், போட்டோ மாற்றம் எல்லாம் அந்தப் பத்துக்குள். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போய்வருவதும் அதற்குள்தான்.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது உன் புகழ் வீட்டு வாசல்களுக்கே வந்தது. 6 கோடியே 41 லட்சம் வாக்காளர்கள். முதலில் குறித்த கெடு டிசம்பர் 4. ஒவ்வொருவருக்கும் இரண்டு படிவங்கள். பழைய திருத்தத்தின் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று தேடித்தர வேண்டும். "அக்கா, எங்க அப்பா பேரு எந்தப் பாகத்துல இருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க" என்று கேட்கும் வீட்டாரிடம் இல்லை என்று சொல்ல முடியாது. பகலில் பள்ளியோ அங்கன்வாடியோ, மாலையில் தெரு, இரவில் சொந்த போனில் சொந்த டேட்டாவில் பதிவேற்றம். இந்தத் திருத்த வேலைக்கென்று தனியாக 6,000 ரூபாய் சிறப்புத் தொகையும் உண்டு. இதையும் மறைக்காமல் சொல்வதுதான் உனக்கு நான் செய்யும் நியாயம்.

உன் சமநோக்கும் பெரிது. மலைக் கிராமத்தில் ஏறி இறங்குபவருக்கும், சமதளத்தில் நாலு தெரு நடப்பவருக்கும் ஒரே தொகை. மேலே அமர்ந்திருப்பவர்களையும் நீ மறக்கவில்லை: 2025இல்தான் முதல்முறையாக வாக்காளர் பதிவு அலுவலருக்கு 30,000, உதவி அலுவலருக்கு 25,000 என்று வழங்கினாய். கால் தேய்ந்தவருக்கு 12,000. ஏணியில் எந்தப் படியில் எவ்வளவு மதிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

உன்னுடன் பிறந்த பிரிவு 32ஐயும் பாராட்ட வேண்டும். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கும் அது, பட்டியல் வேலையில் கடமை தவறினால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. எவ்வளவு துல்லியம்! தண்டனைக்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஊதியத்துக்கு அந்தச் சட்டத்தில் ஓர் எல்லையும் இல்லை. உன்னை எந்த எண்ணாலும் கட்டிவைக்கவில்லை.

ஒரு புகழை மட்டும் எந்த உள்ளர்த்தமும் இல்லாமல் சொல்கிறேன். பெயருக்கு இவ்வளவு என்று நீ விலை வைக்கவில்லை. அமெரிக்காவில் வாக்காளர் பதிவைத் தனியார் அமைப்புகளும் ஆள் வைத்துச் செய்கின்றன. அங்கே நெவாடாவில் ஏகார்ன் என்ற அமைப்பின் ஆட்கள், ஒரு ஷிப்டில் 21 படிவங்களோ அதற்குமேலோ கொண்டுவந்தால் ஐந்து டாலர் கூடுதல் என்று வைத்திருந்தார்கள். அந்த மாநிலச் சட்டம் அதைத் தடுத்திருந்ததால் வழக்காகி, 2011இல் அமைப்புக்கு அபராதம் விழுந்தது. 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில், மணிக்கூலிக்கு வேலை செய்தவர்களே நாளுக்கு இத்தனை என்ற கணக்கை முடிக்க முடியாமல், சியாட்டில் நூலகத்தில் உட்கார்ந்து பெயர்களை இட்டுக்கட்டி எழுதினார்கள். ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட போலிப் படிவங்கள். கள்ள ஓட்டுப் போட அவர்கள் எழுதவில்லை. வேலை போய்விடக் கூடாதே என்று எழுதினார்கள்.

அந்தக் கதை நமக்கும் பாடம். பெயருக்கு விலை வைக்காவிட்டாலும், "இன்னைக்கு எத்தனை சதவீதம்?" என்று தினமும் மாலையில் வாட்ஸப் குழுவில் கேட்டால் அதே பயம் வரும். பயந்தவர் கதவைத் தட்டாமலே கட்டத்தில் குறி போட நேரலாம். அப்போது பட்டியலிலிருந்து விழுவது வீட்டில் இருக்கும் ஒரு மனிதரின் பெயர்.

பல மாநிலங்களில் பி.எல்.ஓ.க்கள் வேலைப் பளுவில் உயிரிழந்ததாகச் செய்திகள் வந்த பிறகு, 2025 டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டது. கூடுதல் ஆட்களைத் தந்து சுமையைக் குறையுங்கள், தக்க காரணம் சொல்பவருக்கு விலக்கு அளியுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. இந்த இடத்தில் உன்னைப் புகழ என்னிடம் சொல் இல்லை.

ஆகவே ஒரு விண்ணப்பம். உன்னை ஒரு விதிக்குள் கொண்டுவர வேண்டும். களத்தில் நடந்த நாள்களை எண்ணி, நாள் ஊதியமாகத் தர வேண்டும். பெட்ரோலும் டேட்டாவும் தனிக் கணக்கில் வர வேண்டும். விலைவாசியோடு தொகை தானாக உயர வேண்டும், எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்று எழுதியிருக்க வேண்டும். படிவ எண்ணிக்கைக்கும் பணத்துக்கும், தண்டனைக்கும் தொடர்பே இருக்கக் கூடாது.

மதிப்பை நீ தர வேண்டியதில்லை. அப்பாவின் பெயரைப் பழைய பட்டியலில் தேடி எடுத்துக் காட்டிய பி.எல்.ஓ.வுக்கு, ஒரு செம்புத் தண்ணீரோடு அந்த வீட்டுத் திண்ணையிலேயே அது கிடைத்துவிடுகிறது. உன் பெயரின் மிச்சப் பாதியை மட்டும் நீ தந்தால் போதும்.