மழை விட்டதும் போகலாம்

மலேசியாவின் தைப்பிங்கில் உங்களுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லையென்றால் அந்த ஊரை அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம். மாமா ஒருவர் இருந்துவிட்டால் மூன்று நாள் ஆகும். மூன்றாம் நாள் சாயங்காலம் பெட்டியைக் காரில் ஏற்றும்போதும், "இன்னும் சூ பாக்கலயே தம்பி, அதுக்குள்ள கெளம்பினா எப்படி?" என்று பின்னால் ஒரு குரல் கேட்கும்.

அந்தக் குரலுக்குரியவர் ஒரே ஆள் இல்லை. ஊர் முழுக்க இருக்கிறார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருந்தவர், தமிழ்ப்பள்ளி வாத்தியார், தோட்டத்துக் கிராணி என்று பார்த்த வேலை மாறலாம், மாமா மாறுவதில்லை. எழுபதை ஒட்டிய வயது. கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை, அதன் பையில் ஒரு பேனா, ஒரு மூக்குக்கண்ணாடி, என்றோ குலுக்கல் முடிந்துபோன ஒரு நாலு நம்பர் சீட்டு. வாசலில் பழைய புரோட்டோன் சாகா. பிள்ளைகள் கே.எல்.லிலும் சிங்கப்பூரிலும். பென்ஷன் தேதி தவறாமல் வருகிறது. சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது. அதை அத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறார்.

மாமாவின் சங்கடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கையில் இருக்கும் ஊர் சிறியது, நேரமோ ஏராளம். வருகிறவர்களெல்லாம் பினாங்குக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறவர்கள். ஊரைச் சட்டென்று காட்டி முடித்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது? எனவே, ஆள் கூடிப்போன பந்தியில் ரசத்தை விளாவும் வீட்டுக்காரி மாதிரி, இருக்கிற ஊரை வருகிற நாளுக்குத் தக்கபடி விளாவி ஊற்றுகிறார். ருசி ஒன்றும் குறைவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் கேள்வி, "பசியாறியாச்சா?"

"ஆச்சு மாமா, வர்ற வழியில ஹைவேயில நிறுத்தி…"

"ஹைவேயில தின்னா அது பசியாறலா? ஏறு காடியில."

காடி மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் மாமா கண்ணாடியைப் பார்த்து, "ஈப்போக்காரன்" என்பார். பேரா மாநிலத்து வண்டி எல்லாமே 'ஏ' எழுத்தில்தான் தொடங்கும். அது ஈப்போ வண்டி என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூடாது. தைப்பிங் மாமாவுக்கு உலகில் ஒரே ஒரு பகை ஊர் உண்டு. மாநிலத் தலைநகராக இருந்த தைப்பிங்கை விட்டு 1937இல் கச்சேரிகளைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டார்கள். மாமா பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்த காரியம்தான். ஆனால் அவர் சொல்வதைக் கேட்டால், போன வாரம் லோரி வந்து சாமான் ஏற்றியதை வாசலில் நின்று பார்த்தவர் என்றே தோன்றும். "அங்க என்ன இருக்கு? தவுகே கோழி இருக்கு. வேற?" என்று நிறுத்துவார். பதில் சொன்னீர்கள் என்றால் அன்றைய பசியாறல் ரொட்டி சானாயோடு முடிந்தது. இரண்டாவது தே தாரிக் வராது.

முதல் நாள் காலை முழுவதும் ஏரிக்கரை. தூங்குமூஞ்சி மரங்கள் சாலையின் ஓரத்தில் நின்றபடியே உடம்பைச் சாய்த்து, கிளைகளைச் சாலைக்கு மேலாக நீட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். நூறு வயதைத் தாண்டிய மரங்கள். வேறு ஊராக இருந்தால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று எப்போதோ வெட்டியிருப்பார்கள். இங்கே ஊரே மரத்துக்கு வழிவிட்டுத் தள்ளிப் போகிறது. மாமா ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நிற்பார். நாம் அழகை ரசிக்கிறார் என்று நினைப்போம். முழங்கால் வலி. ஆனால் அதை ஒத்துக்கொள்ளாமல், வலிக்கும் இடத்திலெல்லாம் ஒரு சரித்திரம் சொல்வார்.

"இந்தக் கொளமெல்லாம் என்னன்னு நெனச்ச? ஈயம் தோண்டின குழி தம்பி. 1880ல தோட்டமாக்கிட்டான் வெள்ளக்காரன். மலாயாவுலயே மொதல் பூங்கா."

அடுத்த மரத்தடியில் யானை வரும். லோங் ஜாபார் என்ற மலாய்த் தலைவரிடம் லாருட் என்று ஒரு யானை இருந்ததாம். காட்டில் தொலைந்துபோன அது மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோது காலில் ஒட்டியிருந்த சேற்றில் ஈயம் இருந்ததாம். இது கதைதான். ஆனால் அந்த ஈயத்துக்காகச் சீனக் கூட்டங்கள் இரண்டு 1861 முதல் 1874 வரை விட்டு விட்டு வெட்டிக்கொண்டது கதை இல்லை. கீ ஹின் ஒரு பக்கம், ஹாய் சான் ஒரு பக்கம். சண்டையை நிறுத்துகிறேன் என்று வந்து பங்கோர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய வெள்ளைக்காரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷ் பிடி விழுந்தது அங்கிருந்துதான். மாமா எந்தக் கட்சி என்று கடைசிவரை பிடிபடாது. பசியாறிவிட்டுச் சொல்லும்போது ஹாய் சான் பக்கம் சாய்வார். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கீ ஹின் ஜெயித்துவிடும்.

நடுவில் விரலை மேலே நீட்டி, "அதோ பாரு, மலை" என்பார்.

"எங்க மாமா? ஒண்ணும் தெரியலயே."

"மேகத்துக்குப் பின்னால இருக்கு."

அது புக்கிட் லாருட். மேக்ஸ்வெல் மலை என்றால்தான் மாமாவின் வயதுக்காரர்களுக்குப் புரியும். வெள்ளைக்காரர்கள் 1884இல் குளிர் தேடி ஏறிய இடம். தனியார் வண்டி ஏற அனுமதி கிடையாது, அரசாங்க லேண்ட் ரோவரில்தான் போக வேண்டும் என்று இருந்தது. நாட்டிலேயே முதல் மலை வாசஸ்தலம் என்பார் மாமா. பினாங்கு மலைக்காரர்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மலை அதற்கும் பல பத்து வருடம் மூத்தது. மாமா அந்த மலைமேல் எத்தனை முறை போயிருக்கிறார் என்றால், கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை. "மலை எங்க ஓடிடப் போவுது?"

எதையும் 'மொதல்' என்று சொல்வது மாமாவின் மூச்சு. தைப்பிங்கின் முதல்கள் முப்பதுக்கு மேல் என்று ஊரில் ஒரு பட்டியலே உண்டு. அதில் பெரும்பாலானவை உண்மைதான் என்பதே நமக்குக் கஷ்டம். மறுத்துப் பேசவும் முடியாது. பேரா மியூசியம் 1883இல் வந்தது, நாட்டிலேயே பழையது. அதற்கு எதிரே சிறைச்சாலை, 1879. இரண்டுக்கும் நடுவில் நின்று மாமா கணக்குச் சொல்வார்: "பாத்தியா, ஜெயிலு நாலு வருசம் முன்னாடி. மொதல்ல ஆளப் புடிச்சிட்டான். அப்புறம்தான் சாமான் சேத்தான்." மியூசியத்துக்குள் மாமா வரமாட்டார். செத்த மிருகங்களைப் பார்க்க என்ன இருக்கிறது என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சிறையின் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். "விருந்தாளிங்கள ஜெயிலு சொவத்துல காய வைக்கிறாரு மனுசன்" என்று அத்தை வீட்டில் புலம்புவது இதைத்தான்.

எல்லாவற்றிலும் முதலிடத்தைப் பிடித்துக்கொள்ளும் மாமா மூன்றாமிடத்துக்கு மகிழ்ந்தது ஒரே ஒருமுறை. 2019இல் பெர்லினில் நடந்த சுற்றுலாச் சந்தையில், நீடித்து நிற்கும் சுற்றுலாவுக்கான நகரங்கள் வரிசையில் தைப்பிங்குக்கு மூன்றாம் பரிசு. "ஒலகத்துலயே மூணாவது! ஈப்போவுக்குக் குடுத்தானா?"

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மழை வரும். இதை வானிலை என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையில் முட்டிக்கொண்டு மேலே ஏற வழி தேடுகிறது. ஏறிக் குளிர்ந்து தைப்பிங் தலையில் கொட்டுகிறது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். தீபகற்பத்தில் இத்தனை நனைகிற ஊர் வேறு இல்லை. மழை இன்றைக்கு எத்தனை மணிக்கு விழும் என்று காப்பிக்கடையில் உட்கார்ந்து பந்தயம் கட்டிய காலம் ஒன்று உண்டு. இப்போது பந்தயம் இல்லையென்று மாமா சொல்வார். சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பார். முதல் துளி விழுந்ததும் பக்கத்து மேசைக்காரர் முகம் தொங்குவதையும், மாமாவின் தண்ணிக் காசை அவரே கொடுத்துவிட்டுப் போவதையும் நீங்கள் கவனிக்காதது போல் இருந்துவிட வேண்டும்.

மழைதான் மாமாவின் கூட்டாளி. "மழை விட்டதும் போகலாம்" என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் உங்கள் பயணத் திட்டத்தையே கரைத்துவிடுவார். நீங்கள் கைப்பேசியில் குறித்து வைத்திருந்த பத்து இடத்தில் ஏழு அந்த மழையோடு போகும். கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் நாற்காலியை இழுத்துப்போட்டு ஒரு தே ஓ சொல்வார். அது முடிந்ததும் மழை லேசாக விடும். நீங்கள் எழுந்திருப்பீர்கள். "இப்ப போனா சடக்கெல்லாம் தண்ணியா கெடக்கும்" என்று மறுபடி உட்கார வைப்பார். பிறகு செண்டோல். பழைய செண்டோல் கடைகள் இரண்டு ஒரே தெருவில் இருக்கின்றன. ஒவ்வொரு மாமாவும் அவற்றில் ஒன்றுக்குப் பரம்பரை விசுவாசி. மற்றொன்றில் நீங்கள் ஏற்கெனவே குடித்துவிட்டு வந்திருந்தால் வாயைத் திறக்காமல் இன்னொரு கிண்ணம் குடித்துவிடுவது உறவுக்கு நல்லது. சார் குவே தியாவுக்கும் இதே சட்டம். எந்த ஒட்டுக்கடை, எந்த மேசை, எவ்வளவு மிளகாய் என்பதெல்லாம் மாமாவின் அதிகாரம். காசு கொடுக்கவும் விடமாட்டார், நீங்கள் பணப்பையை எடுத்தால், "உன் வெள்ளிய கே.எல்.ல செலவு பண்ணு" என்பார்.

ஒரு மாலை கோலா செப்பெத்தாங்குக்கு ஒதுக்கப்படும். மாமாவுக்கு அது இன்னும் போர்ட் வெல்ட்தான். 1885 ஜூன் 1ஆம் தேதி மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு ஓடியது. சுமார் 13 கிலோமீட்டர். ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மாட்டுவண்டியும் யானையும் ஈடுகொடுக்கவில்லை. பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைத் தொழிலாளர்கள். மாமா யாழ்ப்பாணத்து வழியில் வந்தவர் என்றால் இந்த இடத்தில் அரை மணி நேரம் கூடும். அவருடைய தாத்தா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்திருப்பார். இருந்தே தீர வேண்டும். அந்தக் காலத்து யாழ்ப்பாணத் தாத்தாக்களுக்கு மலாயாவில் வேறு வேலை இருந்ததாகப் பேரன்மார் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தண்டவாளம் இப்போது கிடையாது. ஸ்டேஷனின் பெயர்ப்பலகை மட்டும் காப்பிக்கடைப் பக்கத்தில் நிற்கிறது. ஜாவி, ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு எழுத்தில் பெயர். மாமா எல்லோரையும் அதன் முன் நிறுத்திப் படம் எடுக்கச் சொல்வார். தமிழ் வரி தலையால் மறைந்துவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். சீனக் குடும்பம் ஒன்று படம் எடுக்கக் காத்திருக்கும். அவர்களிடம் சரளமான ஹொக்கியனில் இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார்.

அதே வழியில் கரிச்சூளை. மாத்தாங் சதுப்பு நிலக்காட்டின் பக்காவ் மரத்தை வெட்டி, குவிந்த களிமண் சூளைக்குள் அடுக்கி, தீயை வாசலிலேயே வைத்து மரத்தை எரியவிடாமல் வேகவைக்கிறார்கள். உள்ளே பதமாகிவிட்டதா என்று புகையின் மணத்தை வைத்தே சொல்லிவிடுகிற ஆட்கள் அங்கே உண்டு. வெட்டிய இடத்தில் மரம் வளர 30 ஆண்டு விட்டு, அப்புறம்தான் மறுபடி கை வைக்கிறார்கள். அவசரப்படாத தொழில் என்பதால் மாமாவுக்கு அது ரொம்பவும் பிடிக்கும். கே.எல்.லிலிருந்து மூன்று மணி நேரச் சொச்சத்தில் மின்சார ரயில் தைப்பிங்குக்கு வந்து சேர்வது அவருக்குப் பெருமைதான், ஆனாலும் ஒரு வருத்தம். "இவ்ளோ வேகமா வந்து இங்க என்ன பண்ணப் போறானுங்க?"

ஒரே ஓர் இடத்தில் மாமா பேசமாட்டார். மலைக்குப் போகும் வழியில் சாலையின் இரு பக்கமும் போர்க் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் செத்தவர்கள் எண்ணூற்றுக்கும் மேல். அவர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் யாரென்றே தெரியாது. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், எதிர்ப்பக்கம் மற்றவர்கள். இந்தியப் படைவீரர்கள் அங்கேதான் கிடக்கிறார்கள். காடியை ஓரமாக நிறுத்தி, செருப்பைக் கழற்றாத குறையாக உள்ளே நடந்துவிட்டு வருவார். வருடம் சொல்வதில்லை. முதலாவது, மூன்றாவது எதுவும் கிடையாது. திரும்பி வந்து எஞ்சினைக் கிளப்பிய பிறகுதான், "சாப்புடப் போலாமா?" என்று குரல் வரும்.

சூவுக்கு மட்டும் கடைசிவரை கூட்டிப்போக மாட்டார். 1961இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, ஏரிப் பூங்காவிலேயே இருக்கிறது, வீட்டிலிருந்து பத்து நிமிடம்கூட ஆகாது. முதல் நாள் மழை. இரண்டாம் நாள் "ஞாயித்துக்கிழம கூட்டமா இருக்கும்". மூன்றாம் நாள் நீங்கள் கிளம்புகிறீர்கள். அதை அடுத்த தடவைக்கு என்று வைத்திருக்கிறார் என்பது, நாலைந்து தடவை போய்வந்த பிறகே உறைக்கும். எல்லாவற்றையும் காட்டிவிட்டால் நீங்கள் எதற்குத் திரும்பி வரப்போகிறீர்கள்?

எனவே தைப்பிங் போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைவேயில் பசியாற வேண்டாம், வயிற்றைக் காலியாகவே கொண்டுபோங்கள். பினாங்கில் ஹோட்டல் பதிவு செய்திருப்பதை மட்டும் மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மழை விடாது.