உதிரியியல்: அடிப்படைச் சிக்கல்கள் சில

சைக்கிள் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதற்கான வாகனம் என்றே அறிஞர்கள் இதுவரை கருதி வந்திருக்கிறார்கள். 1970களிலும் 80களிலும் ஜப்பானில் செய்யப்பட்ட ரேஸ் சைக்கிள் பாகங்களைச் சேகரிப்போரைக் கொஞ்ச காலம் கவனித்தவர்கள் இக்கருத்தை ஏற்க மாட்டார்கள். பாகங்களை மாட்டிவைக்க ஏற்பட்ட ஒரு தாங்கியே சைக்கிள். அதில் ஏறிப் போவதும் வருவதும் பாகம் தேய்வதற்கான வழிகள். இத்துணிபை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டு ஆராயப்படும் பொருள்களில் பல ஒசாகா வட்டாரத்தில் பிறந்தவை. ஒசாகாவை ஒட்டிய சகாய், கத்திக்கும் துப்பாக்கிக்கும் பேர்போன கொல்லர் ஊர். 1921இல் ஷோசபுரோ ஷிமானோ அங்கே பட்டறை வைத்து முதலில் செய்தது ஃப்ரீவீல். சன்டூர் என்ற பெயரில் பாகம் விற்ற மயேதா நிறுவனமும் ஒசாகாவினதே. வெளியூர்க் கணக்கில் நாராவின் சுகினோ கிராங்க், சைத்தாமாவின் மிகாஷிமா பெடல் என்று பட்டியல் நீளும். மேலும் நீட்டினால் வாசகருக்கும் கை அரிக்கத் தொடங்கும் என்பதால் நிறுத்திக்கொள்வோம்.

இவை இத்தாலியச் சரக்கின் நகல்கள் என்று கம்பக்னோலோ அடியார்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அதற்கான மறுப்பு 1964லேயே வெளியாகிவிட்டது. சங்கிலியைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் தள்ளிவிடும் பின் டிரெய்லியர் அதுவரை பெரும்பாலும் கிடைமட்டமாகவே நகர்ந்தது. அந்தப் பல்சக்கரங்களைத் தாங்கும் ஃப்ரீவீலோ சின்னச் சக்கரத்திலிருந்து பெரியதற்குச் சரிவாக ஏறுகிறது. ஆகவே சின்னச் சக்கரப் பக்கம் இடைவெளி கூடிப்போய், கியர் சோம்பலாக விழும். சன்டூரின் நொபுவோ ஒசாகி டிரெய்லியரின் இணைகரச் சட்டத்தையே சாய்த்து வைத்தார். சங்கிலியைத் தாங்கும் குட்டிச் சக்கரம் அந்தச் சரிவோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. கண்டுபிடிப்பு அவ்வளவுதான். 1984இல் காப்புரிமை காலாவதியானது. அதே ஆண்டு ஷிமானோ தன் டூரா-ஏஸ் 7400 வரிசையில், லீவர் ‘டிக்’கென்று நிற்கும் இடத்தில் கியர் விழும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சாய்வும் ‘டிக்’கும் சேர்ந்தபின் சன்டூரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பல கைமாறி, இன்று அந்தப் பெயர் எஸ்.ஆர். சன்டூர் என்று சஸ்பென்ஷன் ஃபோர்க்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் சேகரிப்பாளர் உலகின் நீதி கவனிக்கத்தக்கது. சன்டூரின் மலிவு விலை டிரெய்லியர்களே விலையுயர்ந்த ஐரோப்பியச் சரக்கைவிட ஒழுங்காகக் கியர் மாற்றின. அவை இன்று பழைய சாமான் கூடையில் கிடக்கின்றன. கண்ணாடி அலமாரிக்குப் போவது அதே சன்டூரின் உயர்விலை வரிசையான பளபளக்கும் சூப்பர்ப் ப்ரோ. வேலை செய்ததற்காக எந்தப் பாகமும் அலமாரி ஏறியதாகச் சான்றில்லை.

அடுத்து கல்வெட்டியல். ஷிமானோ பாகத்தின் முதுகில், அழுக்குக்கு அடியில், ஈரெழுத்து பொறித்திருக்கும். முதலெழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி என்றால் 1977. இரண்டாம் எழுத்து மாதம். எனவே ‘எஃப்டி’ 1981 ஏப்ரல். சன்டூரிலும் ஈரெழுத்து உண்டு, ஆனால் ஆண்டுக் கணக்கு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவரை இத்துறையில் யாரும் மதிப்பதில்லை. ஏப்ரல் மாதக் கிராங்கோடு மே மாத டிரெய்லியர் சேர்ந்திருந்தால் அது இடைச்செருகல் என்பது தூயவாதிகளின் தீர்ப்பு. பூட்டிய தொழிலாளி பெட்டியில் கைக்கு எட்டியதை எடுத்துப் பூட்டியிருப்பார் என்ற எளிய விளக்கத்தை அவர்கள் ஆய்வுநெறிக்குப் புறம்பானது என்று தள்ளிவிடுவார்கள்.

எழுத்தைப் படிக்கத் துடைக்க வேண்டும். துடைத்தவர் கை அத்தோடு நிற்பதில்லை. இங்கேதான் இத்துறையின் பெரும்பிளவு. அலுமினியத்தின் மேல் அனோடைசிங் என்றொரு கெட்டியான ஆக்சைடு தோல் இருக்கிறது. அதற்கு மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் உள்ளே இருக்கும் கீறல் போகாது. தோல் உரிப்போர் பாகத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போடுவார்கள். அது நுரைத்துப் பொங்கிக் கறுத்து வெளியே வரும். பிறகு 400இல் தொடங்கி 2000 வரை வாட்டர் பேப்பர், அதன்மேல் பாலிஷ். கண்ணாடி போல ஆனதும் ஊரையே கூப்பிட்டுக் காட்டுவார்கள். காப்புத் தோல் இல்லாததால் நாளடைவில் மங்கும், மறுபடி தேய்ப்பார்கள். தோல் காப்போர் இதைச் சுவடி அழிப்பு என்பார்கள். என் சார்பு இவர்கள் பக்கமே. தேய்த்த கிராங்கின் விளிம்பைப் பாருங்கள், வாரக்கணக்கில் குளித்த சோப்புக்கட்டி. அதில் ‘சுகினோ’ என்று பொறித்திருந்ததை விரல் வைத்துத் தடவித்தான் கண்டறிய வேண்டும்.

திருகாணியிலும் தத்துவம் உண்டு. ஜப்பானியக் கூட்டல்குறித் திருகாணி ஜே.ஐ.எஸ். முறையில் ஆனது. சாதாரண பிலிப்ஸ் திருப்புளியை அழுத்தித் திருப்பினால் அது குழியைவிட்டு ஏறி நழுவும். குழி மொழுக்கென்று ஆகிவிடும். சில திருகாணிகளின் தலையில் எச்சரிக்கையாகச் சிறு புள்ளி ஒன்று இருக்கிறது. அழுக்கு முதலில் மூடுவது அதைத்தான்.

சன்டூரின் இரு வெட்டு ஃப்ரீவீலைக் கழற்றுவது தனி அத்தியாயத்துக்குரியது. கழற்றியின் இரண்டு பற்கள் அந்த இரு வெட்டுகளில் உட்கார வேண்டும். அச்சு நட்டால் அதை இறுக்கிப் பிடித்து, கழற்றியை வைஸில் கவ்வவைத்து, ரிம்மை இரு கையாலும் லாரி ஸ்டியரிங் மாதிரி திருப்ப வேண்டும். முறுக்கு விட்டதும் நட்டைத் தளர்த்தாவிட்டால் ஏதாவது ஒன்று உடையும். இதெல்லாம் ரிம் இருக்கும்வரை. விற்பவர் தபால் செலவை மிச்சம் பிடிக்க ஸ்போக்ஸை வெட்டி ஹப்பை மட்டும் அனுப்பினால் பிடித்துத் திருப்ப எதுவுமில்லை. அந்த ஃப்ரீவீல் அந்த ஹப்போடு சதி ஏறியதாகக் கொள்க.

பாலைத்திணைக்கும் இங்கே இடமுண்டு. 1980களின் தொடக்கத்தில் ஷிமானோ தன் ஏ.எக்ஸ். வரிசையில் டைனா டிரைவ் பெடலைக் கொண்டுவந்தது. பாதம் சுழலும் அச்சுக்குக் கீழே அமைய வேண்டும் என்பதற்காக, பெடலின் நடுவே ஓடும் தண்டை நீக்கி, பேரிங்கைக் கிராங்கோரம் வைத்தார்கள். அதனால் கிராங்கின் துளை ஓரங்குல விட்டமாயிற்று. வேறெந்தப் பெடலும் அதில் பூட்டாது. அந்தப் பெடல் வேறெந்தக் கிராங்கிலும் பூட்டாது. கிராங்க் ஒருவர் வீட்டிலும் பெடல் கடல் கடந்து இன்னொருவர் வீட்டிலும் இருக்கின்றன. இருவரும் விற்பதாயில்லை.

இனித் துணிபுக்கு வருவோம். 7400 டிரெய்லியர் ஒன்று கைக்கு வருகிறது. லீவர் இழுக்கும் கம்பியின் அளவு அந்த வரிசைக்கே தனி என்பதால், ‘டிக்’ சரியாக விழ அதே வரிசை லீவரும் வேண்டும். லீவர் வந்தால் ஆறு பல்சக்கர ஃப்ரீவீலும் ஹப்பும். ஹப் வந்தால் பின்புறம் 126 மி.மீ. அகலமுள்ள அக்காலச் சட்டகம். சைக்கிள் இப்படித்தான் பிறக்கிறது: ஒரு டிரெய்லியருக்குத் தங்க இடம் தேடி.

அவ்வளவும் பூட்டியபின் ஓட்டினால் என்ன என்று மறுப்பாளர் கேட்கலாம். ஓட்டினால் நிறுத்த வேண்டிவரும். நிறுத்தினால் பிரேக் கட்டை ரிம்மில் உராயும். அந்தக் கட்டைகள் 1984இல் பெட்டியில் வந்த அசல் கட்டைகள். பொறித்த எழுத்துகூட இன்னும் தேயவில்லை. மறுப்பாளர் வேண்டுமானால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், இறக்கம் இல்லாத தெருவாகப் பார்த்து.