புள்ளி வைக்கும் இடம்

கேள்வி: வளைகோட்டை ஸ்ப்லைனாக (வழவழப்பாக இணைந்த பல்லுறுப்புக்கோவைத் துண்டுகளாக) மாற்ற, சம இடைவெளியில் நெருக்கமாகப் புள்ளிகளை வைத்தால் போதாதா?

பதில்: நேர்சாலையில் அடிக்கொரு போலீஸ்காரரை நிறுத்திவிட்டு, கொண்டை ஊசி வளைவுக்கும் அதே கணக்கில் ஆள் போடுவது போன்றது அது. நேர்கோட்டுக்கு 2 புள்ளிகளே தாராளம். கோடு சட்டென்று திரும்பும் இடத்தில்தான் புள்ளிகள் நெருங்க வேண்டும். சீராக வளையும் கோட்டுக்கோ சில புள்ளிகளே போதும். கால்வட்டத்தைப் பாருங்கள்: முனைகளில் 2, கட்டுப்பாட்டுக்கு 2 என நான்கே புள்ளிகள் கொண்ட ஒரு முப்படி பெசியே துண்டு, ஆரத்தில் 0.03 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு அதை வரைந்துவிடும். 'இடைவெளியைப் பாதியாக்கினால் முப்படி ஸ்ப்லைனின் பிழை ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காகுமே, பிறகென்ன கஞ்சத்தனம்?' என்பீர்கள். கோடு வழவழப்பாக இருக்கும்வரை அது சரி. கூர்முனையில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே கோட்டை வெட்டி இரண்டு ஸ்ப்லைன்களாக்குவதே வழி. அளந்தெடுத்த புள்ளிகளில் நடுக்கம் இருந்தாலோ, நெருக்கம் அந்த நடுக்கத்தையும் விசுவாசமாக நகலெடுக்கும். கூட்டம் சேர்ப்பது சுலபம். இடமறிந்து நிறுத்துவதுதான் கலை.